ஏழு மணிச் செய்தியில் ஒரு நரைத் தலை

யூகௌ, ஷான்ஷி
8 பிப்ரவரி 1995

மகன் இரும்புமுட்டைக்கு,

முதலில் இந்த உறையைப் பிரிக்கிற தோழருக்கு வணக்கம். போன தடவை நீங்கள் திரும்ப ஒட்டிய பசை சரியில்லை. உறை வாயைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தது. மாவை இன்னும் கொஞ்சம் காய்ச்சுங்கள். இரும்புமுட்டை என்பது சங்கேதச் சொல் இல்லை, வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயர். இனி நான் என் மகனிடம் பேசிக்கொள்கிறேன்.

புத்தாண்டு ஒருவழியாகப் போயிற்று. உன் அம்மா போன பிறகு வந்த முதல் புத்தாண்டு. கொழுக்கட்டையை நானே பிடித்தேன். என்னோடு முப்பது வருஷம் குளியல்கூடத்து பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்ட பெங் வந்து தட்டைப் பார்த்தான். "இது கொழுக்கட்டையா, யாராச்சும் மிதிச்ச செருப்பா?" என்றான். பதினெட்டு தின்றுவிட்டுத்தான் போனான்.

ஐந்தாம் நாள் கண்ணாடி போட்ட ஒருவன் வந்தான். உன் பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிந்திப் படித்தவனாம். கையில் பேரிக்காய்ப் பை. இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவன் வாயில் இந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல் கூட இல்லை. தேநீரைப் பார்க்காமல் குடித்தான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், என் செருப்பைப் பார்த்தான்.

"உங்க பையன் வீட்டுக்கு அடிக்கடி வருவாரா ஐயா?"

"டி.வி.யில அடிக்கடி வருவான்" என்றேன். சிரித்தான்.

"அம்மா தவறினப்போ வந்திருந்தாரா?"

"இல்லை" என்றேன். அதற்குச் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான். பேரிக்காய் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முதலில் ஒன்றை பெங்குக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் நான் தின்றேன்.

சிங்மிங் கல்லறை நாளுக்குள் நீ வெளியுறவுத் துணை அமைச்சர் ஆகிவிடுவாய் என்று ஊரே சொல்கிறது. மாவட்டத் தலைவர் குவோ என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். எனக்கு மட்டும் நீ சொல்லவில்லை. என் மகனைப் பற்றிய சேதியை நான் அம்மணமாகக் குளிக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அம்மா போனதற்கு நீ அனுப்பிய கடிதம் தட்டச்சில் இருந்தது. "மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு" என்று தொடங்கியது. ஐம்பத்தேழு வருஷத்தில் நான் தந்தையார் ஆனது அன்றைக்குத்தான். நீ பக்கத்து நாட்டில், அல்மாட்டியில் எல்லைப் பேச்சுவார்த்தையில் இருப்பதாகச் செய்தி சொல்கிறது. உறையிலோ பெய்ஜிங் முத்திரை. நிஜமாக எங்கே இருக்கிறாய்? எழுதியது நீயா, வேறு யாராவதா?

உன் அப்பா
லுவான் மன்சாங்


அல்மாட்டி (வழி: பெய்ஜிங்)
20 பிப்ரவரி 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தாங்களும் நலம் என அறிந்தேன். இங்கிருந்து போகும் கடிதங்கள் அரசுப் பையில் அமைச்சகத்துக்குச் சென்று அங்கிருந்துதான் தபாலில் சேர்க்கப்படுகின்றன. முத்திரையில் மர்மம் எதுவும் இல்லை. தட்டச்சு செய்தவர் செயலாளர்; சொன்னவன் நான்.

வந்தவர் தம் பெயரைச் சொன்னாரா? எவ்வளவு நேரம் இருந்தார்? ஏதாவது குறித்துக்கொண்டாரா? தாங்கள் எதிலாவது கையெழுத்திட்டீர்களா? இனி எவர் வந்தாலும், என் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தேநீர் மட்டும் கொடுங்கள். பேச்சு வேண்டாம்.

என் நியமனம் பற்றிய பரிசீலனை நடப்பது உண்மை. முடிவாகும் வரை சொல்லக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியது. பெயர் போடாத புகார் ஒன்று அமைச்சகத்துக்கு வந்திருக்கிறது. லுவான் ஹெங்யுவானின் தகப்பனார் மகனின் பெயரைச் சொல்லி மாவட்டத்தில் ஒரு புதிய பாய்லர் வாங்கிக்கொண்டார் என்று அதில் இருக்கிறதாம். இது உண்மையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

குளியல்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசாதீர்கள்.

அம்மாவின் நூறாம் நாள் சிங்மிங் அன்றே வருகிறது. அதை நான் மறக்கவில்லை.

தங்கள் மகன்
ஹெங்யுவான்


யூகௌ
3 மார்ச் 1995

இரும்புமுட்டைக்கு,

தோழருக்கு வணக்கம். பசை தேவலாம்.

ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். நீ வெளிநாட்டுக்காரர்களிடம் அப்படித்தான் கேட்பாய் போல. என்னிடம் ஒற்றை வார்த்தை கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் குவோ ஆட்களோடு குளியல்கூடத்துக்கு வந்தார். பழைய பாய்லர் ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி இருந்ததை அவரே பார்த்தார். "ஐயா, புதுசு ஒண்ணு போட்டுடலாம். இது மக்களுக்கு" என்றார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன், வாயை மூடிக்கொண்டு சொன்னேன். பிறகு ரிப்பன் கட்டினார்கள், என்னை விசையை அழுத்தச் சொன்னார்கள், "தூதர் லுவான் பிறந்த ஊருக்கு" என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். ஊர் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறது. லஞ்சமாக வெந்நீர் வாங்கி, அதையும் இருநூறு பேரோடு பங்கு போட்டுக்கொண்டவன் இந்த மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புகார் கொடுத்தது யார் என்று எனக்கொரு சந்தேகம். பெங். நான் விசையை அழுத்தியபோது பக்கத்தில் நின்று கை தட்டியவன் அவன்தான். நேற்று முதுகு தேய்த்துவிடும்போது, "உன் பையன் கடுதாசி போட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஒரு முதுகுக்கு எதற்கு இரண்டு தடவை?

உன் உத்தியோகத்தை நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானாகத்தான் படித்துக்கொண்டேன். முதலில் ஊர்த் திரையரங்கில் செய்திப்படத்தில் உன் காது வந்தது. இரண்டு பெரியவர்கள் கைகுலுக்குகிறார்கள், நடுவே பின்னால் ஒரு காது. உன் அம்மா எழுந்து நின்று, "அது எம்புள்ள காது!" என்று கத்தினாள். "உக்காருக்கா, உம்புள்ள காதும் தெரியல, படமும் தெரியல" என்று பின்னாலிருந்து ஒருவன் சத்தம் போட்டான். அப்போது நீ மொழிபெயர்ப்பாளன். பத்து வருஷம் காதாகவே இருந்தாய். படித்தவர்களையெல்லாம் பண்ணைக்கு விரட்டி, உன்னைப் பன்றி வளர்க்க அனுப்பிய வருஷங்களில் அந்தக் காதும் இல்லை. அப்புறம் பாதி முகம் வந்தது: மாஸ்கோ தூதரகத்தில் செயலாளர். அப்புறம் முழு முகம், ஆனால் ஓரத்தில்: தூதர். இப்போது மேசையில் உட்காருகிறாய், முன்னால் பெயர் அட்டை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உன் அம்மா டி.வி.யைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பார்த்தாள்.

அவளைப் பெட்டியில் வைத்த அன்றும் ஏழு மணிச் செய்தியில் நீ வந்தாய். ஒரு ஆற்றைக் காட்டி ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். துடைக்க ஆள் இல்லை.

அப்பா


அல்மாட்டி (வழி: பெய்ஜிங்)
12 மார்ச் 1995

அப்பாவுக்கு,

அந்தப் பலகையை எடுக்கச் சொல்லுங்கள். இன்றே.

வந்த மனிதர் என் பள்ளிக்காரர் அல்லர் என்பதை இப்போது அறிவேன். அவர் பரிசீலனைக் குழுவைச் சேர்ந்தவர். தாங்கள் சொன்னது அனைத்தும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது.

இதற்கு மேல் எழுத இயலாது. என்னைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் நம்ப வேண்டாம். ஏதாவது பார்த்தால் பயப்பட வேண்டாம்.

ஹெங்யுவான்


யூகௌ
18 மார்ச் 1995

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு,

என் மகனுக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் என் மகன்தானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நாலு நாள் முன்பு குளித்து முடித்து, துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரும் டி.வி. முன்னால் சாய்ந்திருந்தோம். அல்மாட்டியைக் காட்டினார்கள். நீண்ட மேசை. நம் பக்கத்தில் ஏழு பேர். ஆறு தலை காக்கைக் கறுப்பு. ஏழாவது தலை வெள்ளை. முடி இறங்கிக் காதை மூடியிருந்தது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே காது, அது தெரியவில்லை. பெயர் அட்டையைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டில் பெரிய இடத்துத் தலை நரைத்து நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? எண்பது வயதானாலும் டை அடித்துக்கொண்டுதான் மேசைக்கு வருவார்கள். நரைத்த தலையை நீதிமன்றக் கூண்டுக்குள்தான் காட்டுவார்கள்.

"முடிஞ்சுது" என்றான் ஒருவன்.

"உள்ள வெச்சிருந்து, இன்னைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்காங்க. உள்ள முடி வெட்ட ஆள் ஏது?" என்றான் இன்னொருவன்.

"வாய்க்கு டையா அடிச்சிருக்கீங்க, வர்றதெல்லாம் கறுப்பாவே வருது? சும்மா கெடங்கடா" என்றான் பெங். அவன் எனக்காகப் பேசினானா, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கப் பேசினானா, தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே குவோவின் ஆட்கள் திருப்புளியோடு வந்தார்கள். நீ எடுக்கச் சொன்ன பலகையை, நான் கேட்காமலே கழற்றிக்கொண்டு போனார்கள். புது பாய்லருக்கு "பரிசோதனை" என்று முத்திரை வைத்தார்கள். பழையதை மறுபடி மூட்டியிருக்கிறோம். தொட்டியில் நான் இறங்கினால் என் பக்கம் மட்டும் தண்ணீர் அகலமாகிவிடுகிறது. பெங் மட்டும் பக்கத்தில் உட்காருகிறான். அதனால் அவன் மேல் சந்தேகம் கூடித்தான் இருக்கிறது.

ஊர் வாயை அடைக்க நானும் ஒரு காரியம் செய்தேன். லுவான் வீடு விழவில்லை என்று காட்ட வேண்டும் என்று முடிதிருத்துகிறவனிடம் போய், "பெய்ஜிங்ல அடிக்கிற மாதிரி அடிச்சு விடுப்பா" என்றேன். எழுபத்தெட்டு வயதில் தலைக்கு டை. அந்தப் பயல் டப்பா முழுவதையும் என் மேலேயே தீர்த்துவிட்டான். காதும் கறுப்பு, கழுத்தும் கறுப்பு. பெங் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "தலைக்கு முப்பது வயசு, மூஞ்சிக்கு எண்பது. கடையில மாத்தி மாட்டிட்டான் போல" என்றான். ஊர் வாய் அடைபடவில்லை. அதற்கு இன்னொரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். "தாங்கள்", "இயலாது", "பயப்பட வேண்டாம்" என்று எழுதுகிறவர் யார்? என் மகன் என்றால் இதற்குப் பதில் சொல்லட்டும். அவன் முதல் தடவை பெய்ஜிங்குக்கு ரயில் ஏறியபோது அவன் அம்மா பையில் என்ன வைத்தாள்? அது என்ன ஆயிற்று? இந்தக் கதை வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி போய்விட்டாள்.

பதில் தவறாக இருந்தால் நான் பெய்ஜிங்குக்கு வந்து அமைச்சகத்து வாசலில் உட்காருவேன். தலை வேறு இப்படி இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லுவான் மன்சாங்


அல்மாட்டி (வழி: பெய்ஜிங்)
26 மார்ச் 1995

அப்பா,

இதை நானே பேனாவால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். பல வருஷமாகக் கையெழுத்து மட்டும்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வைத்தது காடியில் ஊறிய பச்சைப் பூண்டு, ஒரு ஜாடி. தைய்யுவான் தாண்டும்போது உடைந்தது. என் இரண்டு சட்டையும் அந்தக் காடியைக் குடித்தன. அதே சட்டையோடு ரஷ்ய மொழித் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ரஷ்ய மொழியில், "இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். "என் அம்மாவிடமிருந்து" என்று ரஷ்ய மொழியிலேயே சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு இடம் கிடைத்தது. இந்த மேசை, அந்த அட்டை எல்லாம் அந்த ஜாடியிலிருந்து வந்தவை. போதுமா? பெய்ஜிங்குக்கு வந்து வாசலில் உட்கார வேண்டாம்.

நான் சிறையில் இல்லை. முடிவெட்ட இங்கே ஆள் இருக்கிறார், நன்றாகவே வெட்டுவார். அப்பா, நீங்கள் என் முடியின் நிறத்தைப் பார்த்தீர்கள், நீளத்தைப் பார்க்கவில்லை. பெற்றவள் போனால் மகன் நூறு நாள் தலையில் கத்தரி வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். தாத்தா இறந்தபோது நீங்கள் முடியைக் காதில் செருகிக்கொண்டு பாய்லருக்குக் கரி போட்டீர்கள். கத்தரியே வைக்காதவன் டை அடிப்பானா? இருந்ததும் கழுவக் கழுவ வெளுத்துவிட்டது.

தந்தி வந்த காலையே எனக்குக் கிடைத்துவிட்டது. தாமதம் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அன்று பிற்பகல் அவர்கள் ஆற்றை எல்லையாக ஒப்புக்கொள்வதாக இருந்தார்கள். பதினோரு மாதம் பேசிய ஆறு. தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நீங்கள் அன்று டி.வி.யில் பார்த்தது அதைத்தான். ஆறு கிடைத்தது. அம்மா அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

பரிசீலனைக் குழு என்னையும் கேட்டது. "தாயின் இறுதிச் சடங்குக்குப் போகாதவர் என்று உங்கள் தகப்பனாரே சொல்கிறார்." அவர் சொன்னது சரி என்றேன். "பாய்லர்?" தெரியாது என்றேன். "முடி? தலைமை பார்க்கும் பேச்சுவார்த்தை இது. காமிராவுக்கு முன் இப்படியா?" நூறு நாள் முடியட்டும் என்றேன். "இந்தக் காலத்தில் இன்னுமா இதெல்லாம்?" என்றார்கள். முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

"தாங்கள்" என்று எழுதியது பயத்தினால். உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. குவோவின் ஆட்கள் சொல்லிக்கொடுத்து எழுதுகிறீர்களோ என்று. டை அடித்துக்கொண்ட கதையைப் படித்த பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. அதை எவனும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

சிங்மிங் அன்று வருகிறேன். பஸ்ஸில் வருவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம். கத்தரியை மட்டும் சாணை பிடித்து வையுங்கள்.

இரும்புமுட்டை


யூகௌ
19 ஏப்ரல் 1995

இரும்புமுட்டைக்கு,

பெய்ஜிங் திரும்பியதும் நீ போட்ட இரண்டு வரி வந்தது. உறையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரும் பிரிக்கவில்லை. முதல் தடவையாக நீ ஒட்டியது ஒட்டியபடியே வந்திருக்கிறது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இனி அந்தத் தோழருக்கு நான் வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாவம், அவருக்கு வேறு வீட்டுக் கடிதம் கிடைத்திருக்கும்.

நேற்று ஏழு மணிச் செய்தியில் புதிய துணை அமைச்சர்கள் பெயரை வாசித்தார்கள். பெங் எழுந்து போய் டி.வி. முன்னால் நின்றுகொண்டு, ஏதோ திருகைத் திருகுகிற மாதிரி பாவனை செய்தான். "நகருடா, மறைச்சாலும் காது கேட்கும்" என்றேன். கேட்டது. மூன்று பெயர். உன்னுடையது இல்லை. உனக்கு வரைபடப் பிரிவில் ஆலோசகர் வேலை என்று எழுதியிருக்கிறாய். வரைபடத்தில் அந்த ஆறு இருக்கும் அல்லவா, பார்த்துக்கொள்.

எது உன்னைக் கவிழ்க்கும், முடியா, பாய்லரா, என் வாயா என்று கல்லறைக்குப் போகும் வழியில் கேட்டேன். "யாரும் சொல்ல மாட்டாங்கப்பா" என்றாய். மூன்றுமே என்று நான் நினைக்கிறேன். மூன்றாவது கொஞ்சம் கூடுதலாக. கேட்டவனுக்கு உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

பெங்கின் மேல் சந்தேகம் இன்னும் தீரவில்லை. "புகார் குடுத்தது நீயாடா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். "எனக்கு எழுதத் தெரிஞ்சா உனக்கு முப்பது வருஷம் கரி அள்ளிப் போட்டிருப்பேனா?" என்றான். அவனுக்கு எழுதத் தெரியும். ஆனாலும் முதுகு தேய்க்க வேறு ஆள் இல்லை. பாய்லர் முத்திரை அப்படியேதான் இருக்கிறது. பழையதற்கு நாங்கள் இரண்டு கிழவர்களும் முறை போட்டுக் கரி அள்ளுகிறோம். தண்ணீர் முன்னைவிடச் சூடு என்று ஊரே சொல்கிறது. கூட்டமும் மறுபடி வருகிறது. தொட்டியில் என் பக்கத்துத் தண்ணீர் மறுபடி குறுகிவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று கல்லறையில் நீ குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாயே, நான் வாசலில் போனவர்களுக்கு எரிக்கிற காகிதப் பணம் வாங்கப் போனேன் அல்லவா? விற்கிற பெண் உன்னைக் கை காட்டி என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, உங்க அப்பாவா அது? இந்த வயசுலயும் குனிஞ்சு புல்லுப் பிடுங்குறாரே. பக்கத்துல போய் நில்லுங்கண்ணே, விழுந்துடப் போறார்."

"ஆமாம்மா, அவர் பிடிவாதக்காரர்" என்றேன். ஒரு கட்டு காகிதம் கூடுதலாகக் கொடுத்தாள். பெரியவருக்கு என்று. அதையும் சேர்த்துத்தான் உன் அம்மாவுக்கு எரித்தோம். உன்னிடம் சொல்லியிருந்தால் அங்கேயே சிரித்திருப்பாய், உன் அம்மா திட்டியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உன் தலையை நானே வெட்டினேன். நீ போன பிறகு பெருக்கினேன். அவ்வளவும் வெள்ளை. முறத்தில் அள்ளிக் குப்பைக்குக் கொண்டுபோனவன், கொட்ட மனம் வராமல் திரும்பிவிட்டேன். பாய்லரில் போட்டேன். அன்று அந்தத் தண்ணீரில் ஊரே குளித்தது, குவோ உட்பட.

வெட்டியதும் உன் காது வெளியே வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

டை அடிப்பதா வேண்டாமா என்று இனி நீயே முடிவு செய். என் தலையில் கறுப்பு போக இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று முடிதிருத்துகிறவன் சொல்கிறான். அதுவரை நம் இரண்டு பேரில் நீதான் பெரியவன். ஆகையால் இந்தத் தடவை ஆசீர்வாதத்தை நான் எழுதப்போவதில்லை. நீ எழுதி அனுப்பு. தட்டச்சு வேண்டாம்.

அப்பா